டப்பா ஒரு பக்கம், சாவி ஒரு பக்கம்: நேட்டாலின் பழைய கோயில்களும் ஜியோகேச்சிங் செயலியும்

ஜியோகேச்சிங் (ஒளித்துவைத்த டப்பாவைத் தேடிப் போகிற விளையாட்டு) செயலிக்குக் காசு கட்டலாமா என்று இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து சாட்ஸ்வர்த்தில் என்னிடம் கேட்டவர்கள் நாலைந்து பேர் ஆகிவிட்டார்கள். சனிக்கிழமை ஆனால் நாங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவதும், செருப்பெல்லாம் செம்மண்ணோடு திரும்பி வருவதும் தெருவுக்கே தெரியும். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன்.

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. நாட்டுப்புறத்துப் பழைய மாதா கோயில், வேதக் கோயில் எதுவானாலும் அதன் கேட்வரை கொண்டுபோய் விடுவதில் இந்தச் செயலியை மிஞ்ச இங்கே வேறு எதுவும் இல்லை. கதவைத் திறந்துவிட இதனிடம் வழி ஒன்றும் இல்லை. குறைந்த ஒன்றரை மதிப்பெண் அங்கேதான் போயிற்று.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போட்டுவிடுவார். நாம் தேடி எடுத்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வரவேண்டும். பரிசு, பணம் எதுவும் கிடையாது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே பிசகு கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் அங்கே இங்கே காட்டும். மே 2-ஆம் தேதி அதை நிறுத்தினார்கள். மறுநாளே ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டோரம் ஒளித்துவைத்து எண்களை வெளியிட்டுவிட்டார். வாளிக்குள் இருந்த சாமான்களில் ஒரு பீன்ஸ் டின்னும் அடக்கம். இன்றைக்கு விதிகள் இருக்கின்றன. பொதுவாக மண்ணைத் தோண்டிப் புதைக்கக்கூடாது, ஒரு டப்பாவுக்கும் அடுத்ததற்கும் 161 மீட்டராவது இடைவெளி வேண்டும், நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

இதற்கும் கோயிலுக்கும் என்ன சம்பந்தம் என்றால், டப்பா ஒளிப்பவர்களுக்கு வேண்டியது ஆள் நடமாட்டம் குறைந்த, ஆனால் பார்க்கத் தகுந்த இடம். சுற்றுலாப் பேருந்து நிற்கிற இடம் அவர்களுக்கு ஆகாது. குவாசூலு-நேட்டாலின் உட்பகுதியில் அப்படி இடம் தேடினால் பழைய மிஷன் கோயில்கள்தான் முதலில் கண்ணில் படும். எந்தக் கோயிலில் டப்பா இருக்கிறது, எதில் இல்லை என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் விளையாடுகிறவர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். நாங்கள் போன கோயில்களில் சிலவற்றில் இருந்தது, சிலவற்றுக்குப் போகிற வழியில் இருந்தது. அதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துப் பக்கத்துக்காரி. அசனம் என்கிற கோயில் பொதுவிருந்து, பிரதிஷ்டைப் பண்டிகை, கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை மணி அடிக்கிற நேரம் எல்லாம் பார்த்து வளர்ந்தவள். அதனால் கோயில் என்றால் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிற வழக்கம் எனக்குக் கிடையாது. மகனுக்குப் பதின்மூன்று வயது. கோயில் என்றால் கொட்டாவி விடுவான், டப்பா என்றால் முதலில் வண்டியில் ஏறி உட்காருவான். வீட்டுக்காரர் ஓட்டுவார். நாலாவது ஆள் பக்கத்து வீட்டு ஆயா. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த குடும்பத்தின் பேத்தி. பெரிய வெள்ளிக்கிழமை ஆனால் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில்தான் இருப்பார். தமிழ் கொஞ்சம், ஆங்கிலம் நிறைய, ஜூலு அதற்கும் மேலே. இந்த மதிப்புரையில் செயலிக்கு அடுத்த முக்கியமான கருவி ஆயாதான்.

இனி செயலி. இலவசக் கணக்கில் எல்லா டப்பாவும் தெரியாது. சந்தா கட்டினவர்களுக்கு மட்டும் என்று ஒளித்துவைத்தவரே அடைத்துவிட்ட டப்பாக்கள் உண்டு. ஒரு பகுதியின் டப்பாக்களைப் பட்டியலாகத் தொலைபேசியில் இறக்கிவைத்துக்கொண்டு சிக்னல் இல்லாத இடத்தில் பார்க்கிற வசதியும் சந்தாவோடுதான் வருகிறது. நகரத்துக்குள் விளையாடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. கிரெய்ட்டன் தாண்டி, வாஸ்பேங்க் தாண்டிப் போகிறவர்களுக்கு இதுதான் விஷயமே. மலை மடிப்பில் இறங்கினால் சிக்னல் போய்விடும். மின்வெட்டு நாளில் செல்போன் கோபுரத்து பேட்டரி தீர்ந்தால் ஊருக்குள்ளேயும் போய்விடும்.

ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு சி:ஜியோ என்று ஒரு திறந்தமூலச் செயலி இருக்கிறது. இலவசம். டப்பா விவரங்களை வீட்டிலேயே சேமித்துக்கொள்ளலாம், ஆஃப்லைன் வரைபடமும் போட்டுக்கொள்ளலாம். பார்வைக்கு அழகில்லை, பழகச் சிரமம், ஆனால் வேலை செய்யும். மகன் தொலைபேசியில் அதுதான். என்னுடையதில் சந்தா கட்டினது. இரண்டையும் வைத்துப் பார்த்ததில், கோயில் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு சந்தா அவசியம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

காசை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு, அதைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. டப்பாவைப் பற்றி ஒளித்தவர் எழுதிய குறிப்பை எல்லாரும் படிப்பார்கள். கண்டுபிடித்தவர்கள் அடியில் வரிசையாக எழுதிவிட்டுப் போகும் லாக்குகளைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். குறிப்பு பத்து வருடத்துக்கு முன்னால் எழுதினதாக இருக்கும். பாலம் இருக்கிறது என்று போட்டிருக்கும், பாலம் வெள்ளத்தில் போயிருக்கும். கோயில் தினமும் திறந்திருக்கும் என்று போட்டிருக்கும், நாம் போனால் பெரிய பூட்டு. உயிருள்ள தகவல் லாக்கில்தான். "எதிரே நீலக் கதவு வீட்டில் கேளுங்கள், பாட்டியிடம் சாவி இருக்கிறது" என்று ஒரு ஜெர்மன்காரர் எழுதின ஒற்றை வரி எங்களுக்கு ஒரு முழு நாளைக் காப்பாற்றிக் கொடுத்தது.

கோயிலைப் பார்ப்பதற்கு இந்த விளையாட்டு எவ்வளவு நல்ல வாத்தியார் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். டப்பாவில் பல வகை உண்டு. ஒரு வகையில் எண்களை நேராகத் தரமாட்டார்கள். மூலைக்கல்லில் உள்ள ஆண்டின் மூன்றாம் இலக்கம் இவ்வளவு, தெற்குச் சுவரின் சன்னல்கள் இத்தனை, கூட்டிக் கழித்தால் டப்பா இருக்கும் இடம் வரும். நான் கணக்கு டீச்சர், எனக்கு இது தீனி. மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு லூத்தரன் கோயிலில் மகன் சன்னல்களை எண்ணி ஐந்து என்றான். ஆயா ஆறு என்றார். இரண்டு பேரும் விடவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு சன்னலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தார்கள். மேலே வளைவு மட்டும் பூச்சுக்குள் லேசாகப் புடைத்துக்கொண்டு நின்றது, அடியில் மழைநீர் வடிகிற கல் பழையபடியே துருத்திக்கொண்டிருந்தது. "அடைச்சா அது சன்னல் இல்லாமப் போயிடுமா?" என்றார் ஆயா. உள்ளே போய்ப் பார்த்தபோது காரணம் புரிந்தது: பின்னாளில் கட்டின ஒரு சிறு அறை அந்த இடத்தில் சுவரோடு வந்து ஒட்டுகிறது. டப்பா கிடைத்தது ஐந்துக்குத்தான். ஆனால் அந்தச் சுவரை அப்படி விரல் வைத்துத் தடவிப் பார்க்க வேறு எந்தக் கைடும் எங்களைத் தூண்டியிருக்காது.

சரி, கோயில்கள். எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது மரியன்ஹில். இது இப்போது கிராமம் இல்லை, பைன்டவுனை ஒட்டிய புறநகர்; சாட்ஸ்வர்த்திலிருந்து இருபது நிமிடம். ஆனால் மற்றக் கோயில்களில் பலவற்றுக்கு இதுதான் தாய்வீடு. கால்டுவெல் ஐயர் இடையன்குடியில் கட்டின கோயில் பிரதிஷ்டை ஆனது 1880-ல். அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1882 டிசம்பர் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆஸ்திரியாக்காரரான பிரான்ஸ் ப்ஃபானர் தன் டிராப்பிஸ்ட் துறவிகளோடு இங்கே வந்து இறங்கினார். முதலில் கிழக்கு கேப்பில் டன்பிராடி என்ற இடத்தில் முயன்று, தண்ணீர் இல்லாமல் தோற்றுத்தான் நேட்டாலுக்கு வந்தார்கள். டிராப்பிஸ்ட் என்றால் மௌன விரதம், மரக்கறி உணவு, நாள் முழுக்க உடல் உழைப்பு. அவர்களே செங்கல் அறுத்து, அவர்களே கட்டினார்கள். சில வருடங்களிலேயே உலகத்தின் மிகப் பெரிய டிராப்பிஸ்ட் மடங்களில் ஒன்றாகிவிட்டது.

நம்மவர்களுக்கு இங்கே இன்னொரு காரணமும் உண்டு. 1895-ல் டர்பனில் வக்கீலாக இருந்த காந்தி இந்த மடத்தைப் பார்க்க வந்தார். மாமிசம் தொடாத துறவிகளைப் பற்றி லண்டனில் வந்துகொண்டிருந்த மரக்கறி இதழுக்குக் கட்டுரையும் எழுதினார். பிற்பாடு காந்தி டால்ஸ்டாய் பண்ணை நடத்தின காலத்தில் அவருடைய நண்பர் காலன்பாக் இங்கே வந்துதான் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு போனார். அவரிடமிருந்து காந்தி கற்றார். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காந்தி செருப்புத் தைத்த கதையைச் சொல்வார்கள், அந்தத் தொழில் எங்கே இருந்து வந்தது என்று சொல்லமாட்டார்கள். நிறவெறியை எதிர்த்துப் போராடின ஸ்டீவ் பீக்கோ படித்ததும் இங்குள்ள செயின்ட் பிரான்சிஸ் கல்லூரியில்தான். மகனுக்குக் காந்தியைவிட இந்தத் தகவல்தான் பிடித்தது.

மௌன விரதம் எடுத்தவர்கள் ஊர் ஊராகப் போய் வேதம் சொல்வது எப்படி? ப்ஃபானருக்கு அதில்தான் சிக்கல். மடத்தை விட்டுக் கிளைக்குமேல் கிளை திறந்துகொண்டே போனார். மேலிடம் பொறுக்கவில்லை. பதவியை விட்டு எமாவுஸ் என்ற ஒதுக்குப்புறக் கிளைக்குப் போய், 1909-ல் அங்கேயே இறந்தார். அதே 1909-ல்தான் ரோமாபுரி மரியன்ஹில்லை டிராப்பிஸ்ட் சபையிலிருந்து பிரித்துத் தனி மிஷனரி சபையாக்கியது. அவர் பிடிவாதமாகத் திறந்த கிளைகள்தான் இன்றைக்கு நாம் செம்மண் பாதையில் தேடிக்கொண்டு போகும் கோயில்கள்.

அதில் எனக்கு மனதுக்குப் பிடித்தது செண்டகாவ். இக்ஸோப்போ போய், டானிபுரூக் பக்கம் திரும்பி, கிரெய்ட்டன் தாண்டி உம்சிம்குலு ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும். 1888-ல் தொடங்கிய கிளை. போலந்து நாட்டு செஸ்டகோவா மாதாவின் பெயரை வைத்தார்கள், ஜூலு நாக்கில் அது செண்டகாவ் ஆயிற்று. கறுத்த முகத்து மாதாவின் படம் போலந்தில் பெரிய வேண்டுதல் படம்; அதன் நகல் இங்கே இருக்கிறது. பச்சைப் பள்ளத்தாக்கில் செங்கல் கட்டடம் தூரத்திலேயே தெரியும், ஆனால் பாதை வளைந்து வளைந்து அதை மறைத்து மறைத்துக் காட்டும்.

நாங்கள் போன நேரம் பூட்டியிருந்தது. செயலி "நீங்கள் வந்துவிட்டீர்கள்" என்ற மாதிரி நடுங்கி நின்றுவிட்டது. வீட்டுக்காரர் திரும்பலாம் என்றார். ஆயா இறங்கி, பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் "சனிபோனானி" என்று ஜூலுவில் வணக்கம் சொல்லி ஆரம்பித்தார். முதல் பத்து நிமிடம் கோயில் என்ற பேச்சே வரவில்லை. மழை, முழங்கால் வலி, பேரன் எந்த ஊரில் வேலை, ரொட்டி விலை. பத்து நிமிடத்துக்குப் பிறகு அந்த அம்மா தானாகவே உள்ளே போய் சாவி எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு சைக்கிள் சங்கிலித் துண்டில் கோத்த சாவிக்கொத்து. எட்டோ ஒன்பதோ சாவி, ஒவ்வொன்றின் தலையிலும் வேறு வேறு நிறத்தில் நூல் சுற்றியிருந்தது. சிவப்பு நூல் பெரிய கதவுக்கு, வெள்ளை பாதிரியார் அறைக்கு, மற்றவை எதற்கென்று அவருக்கே தெரியாது, ஆனால் கழற்ற மாட்டாராம். எங்கள் ஊர்க் கோயில்பிள்ளையிடமும் இப்படித் தெரியாத சாவிகள் இருக்கும்.

உள்ளே மாதாவின் முகத்தை ஆயா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னிடம், "நம்ம நிறம்தான்" என்றார். வெளியே வந்ததும் சாவிக்கார அம்மாவுக்கு வீட்டில் சுருட்டிக்கொண்டு வந்த உருளைக்கிழங்கு ரொட்டியில் இரண்டைக் கொடுத்தார். காணிக்கைப் பெட்டியிலும் நாங்கள் போட்டோம், அது தனி. இங்குள்ள மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான் ஜெரார்ட் பெங்கு. 1910 முதல் 1990 வரை வாழ்ந்த ஓவியர், ஜூலு முகங்களை நீர்வண்ணத்தில் அவ்வளவு துல்லியமாக வரைந்தவர். டர்பன் கலைக்கூடத்தில் அவர் படம் பார்க்கக் கிடைத்தால் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள். சாவி கொண்டுவருகிற அம்மாவின் முகமே தெரிந்த முகமாக இருக்கும்.

அண்டர்பர்க் பக்கத்து ரைக்கனாவ், 1886-ல் தொடங்கிய முதல் கிளை, பொலேலா ஆற்றங்கரையில். பழைய நீராலை ஒன்று உண்டு. இடம் அழகு, பின்னால் டிராகன்ஸ்பர்க் மலை. ஆனால் நாங்கள் மழைக்குள் மாட்டிக்கொண்டதால் சொல்வதற்கு அதிகம் இல்லை. அன்று இரவு தங்கின விடுதியில் வெந்நீர் வரவில்லை, கேட்டதற்கு மலையைக் காட்டினார்கள்.

ஹெர்மன்ஸ்பர்க் வேறு வகை. கிரேடவுனிலிருந்து கிரான்ஸ்காப் போகிற வழியில், ஜெர்மன் லூத்தரன்கள் 1854-ல் நிறுவிய ஊர். அவர்கள் புறப்பட்டது எத்தியோப்பியாவில் ஓரோமோ மக்களிடம் போக. அங்கே விடவில்லை என்பதால் நேட்டாலுக்கு வந்தவர்கள். அதே சங்கம் பிற்பாடு நமக்குப் பக்கத்துத் தெலுங்கு நாட்டுக்கும் ஆள் அனுப்பியது. பழைய மிஷன் வீட்டை அருங்காட்சியகமாக ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு என்றால் இதுதான் என்று காட்டத் தகுந்த இடம். எனக்குக் கொஞ்சம் அதிகப்படியான ஒழுங்கு. மகனுக்கு ரொம்பப் பிடித்தது.

மரியா ராச்சிட்ஸ் போகவேண்டுமா என்று கேட்டால், போகவேண்டும், ஆனால் உல்லாசமாகப் போகிற இடம் அது இல்லை. டண்டீக்குத் தெற்கே, வாஸ்பேங்க் பக்கம், லாத்திகுலு மலையடிவாரத்தில் இருக்கிறது. இதுவும் டிராப்பிஸ்ட் கிளைதான். இவ்வளவு பெரிய கோயிலை இந்த வெளியில் யாருக்காகக் கட்டினார்கள் என்று வருகிற எல்லாருக்கும் தோன்றும். அப்போது சுற்றிலும் மக்கள் குடியிருந்தார்கள். வெள்ளையருக்கென்று ஒதுக்கின பகுதிகளுக்குள் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஊர்களுக்கு நிறவெறி அரசாங்கம் "கறுப்புப் புள்ளி" என்று பெயர் வைத்திருந்தது. 1968 ஜனவரியில் லாரிகள் வந்தன. இங்கிருந்தவர்களையும் பக்கத்து ஊர்க்காரர்களையும் ஏற்றிக்கொண்டுபோய் லைம்ஹில் என்ற வெட்டவெளியில் இறக்கிக் கூடாரங்களைக் கொடுத்தார்கள். காய்ச்சல் வந்தது, குழந்தைகள் செத்தன. இங்கே பங்குச்சாமியாராக இருந்த பிரான்சிஸ்கன் துறவி காஸ்மாஸ் டெஸ்மண்ட் கூடவே போய்ப் பார்த்து வெளி உலகத்துக்குச் சொன்னார். நாடு முழுக்கச் சுற்றி இப்படிப்பட்ட இடங்களைப் பதிவு செய்தார். 1971-ல் அவரை வீட்டுக்காவலில் போட்டார்கள்.

இந்தச் சரித்திரத்தை வண்டியிலேயே ஆயாவிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. கோயில் பூட்டியிருந்தது, கேட்க ஆளும் கண்ணில் படவில்லை. வெளியே சுற்றிவந்து கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நின்றபோது சொன்னார்: "கேட்டோ மேனர்ல எங்க கோயிலும் இப்படித்தான் நின்னுச்சு. ஆளைத் தூக்கிட்டுப் போனாங்க, சாமியை விட்டுட்டாங்க." டர்பனில் கேட்டோ மேனரில் இருந்த நம் மக்களை, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தில் கிளப்பி அறுபதுகளில் சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து போட்டார்கள், வீடுகளை இடித்தார்கள், கோயில்கள் மட்டும் புல்லுக்கு நடுவே நின்றன. ஆயா அப்போது சின்னப் பெண். வெள்ளிக்கிழமைதோறும் அவருடைய அம்மா பேருந்து பிடித்துப் போய் அங்கே விளக்கேற்றிவிட்டு வருவாராம்.

அந்த இடத்தில் டப்பா தேடுவதில் எனக்கு ஒரு நெருடல் வந்தது. செயலியின் மேல் எனக்கு உள்ள உண்மையான மனத்தாங்கல் இதில்தான். வரைபடத்தில் சாதாரண டப்பா எல்லாம் ஒரே மாதிரிப் பச்சைப் பொட்டு. பெட்ரோல் பங்க் பின்னாடி ஒளித்ததும் பச்சை, ஒரு ஊரே காலியான இடத்துக் கோயில் மதிலும் பச்சை. ஒளித்தவர் பொறுப்பானவர் என்றால் குறிப்பில் நாலு பத்தி வரலாறு எழுதியிருப்பார், அப்படி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், நிறையவே. இல்லையென்றால் "அழகான கோயில், சுலபமான டப்பா" என்பதோடு சரி. தேடுகிற கடினத்துக்கும் நிலத்தின் கடினத்துக்கும் ஒன்று முதல் ஐந்துவரை எண் போடுகிறார்கள். கல்லறையை மிதிக்காமல் போக வழி இருக்கிறதா என்பதற்கும் ஒரு அடையாளம் போட்டால் என்ன? கல்லறை மேலேயே டப்பா வைத்திருந்த ஒரு இடத்தில் நாங்கள் தேடாமல் திரும்பி, லாக்கில் காரணத்தையும் எழுதிவிட்டு வந்தோம். சில வாரத்தில் அதைச் சுற்றுச்சுவருக்கு மாற்றிவிட்டார்கள். எழுதினால் கேட்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

டண்டீ வரை போனவர்கள் ரோர்க்ஸ் டிரிஃப்டையும் பார்த்துவிடுங்கள். 1879 ஜனவரி 22 அன்று நூற்றைம்பது சொச்சம் பிரிட்டிஷ் தரப்பினரும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜூலு வீரர்களும் இரவு முழுக்கச் சண்டை போட்ட இடம்; பதினொரு பேருக்கு விக்டோரியா சிலுவை என்ற வீரப் பதக்கம் கொடுத்தார்கள். எல்லாரும் அதைத்தான் பார்க்க வருகிறார்கள். ஆனால் அது முதலில் ஸ்வீடன் நாட்டு மிஷன் நிலையம். படை சேமிப்புக் கிடங்காக வைத்திருந்த கட்டடத்தின் இடத்தில் 1882-ல் கட்டின கல்கோயிலில் இன்றும் ஆராதனை நடக்கிறது. 1960-களில் இங்கே தொடங்கிய கைவினைக் கூடத்திலிருந்து அசாரியா ம்பாத்தா, ஜான் முவாஃபாங்கேஜோ போன்ற கலைஞர்கள் வந்தார்கள். சண்டைக் கதையைக் கேட்டு முடித்த கையோடு கோயிலைச் சுற்றி ஒரு நடை நடங்கள். டண்டீ ஊரிலேயே 1913 நவம்பரில் காந்திக்கு ஒன்பது மாதத் தண்டனை கொடுத்தார்கள், நிலக்கரிச் சுரங்கத் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்து அவர் பின்னால் நடந்த சமயம் அது. மத்தியானச் சாப்பாட்டுக்கு டண்டீயில் நல்ல பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) கிடைக்கிறது, டர்பன் அளவுக்கு இல்லை.

கருவி விஷயமாகக் கடைசியில் சில. தொலைபேசியின் திசைகாட்டி பத்து மீட்டருக்குள் வந்ததும் நம்பத் தகுந்தது இல்லை. நாலு மீட்டர் என்கும், ஒரு அடி வைத்தால் ஒன்பது என்கும். யூகலிப்டஸ் மரக்கூட்டத்துக்கு அடியில் இன்னும் மோசம். அந்தக் கட்டத்தில் தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, நான் ஒளிப்பதாக இருந்தால் எங்கே ஒளிப்பேன் என்று யோசிப்பதுதான் வழி. நாள் முழுக்கத் திரையை எரியவிட்டால் மத்தியானத்துக்குள் சார்ஜ் தீரும். பவர்பேங்க் இல்லாமல் கிளம்பாதீர்கள். பெட்ரோலை கிரேடவுனிலோ இக்ஸோப்போவிலோ நிரப்பிவிடுங்கள், அப்புறம் பங்க் கண்ணில் படாது. வண்டியில் பை எதையும் வெளியே தெரிய வைக்காதீர்கள், இதை டர்பன்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

சந்தா பற்றி என் முடிவு: முதல் நாலைந்து பயணத்துக்கு இலவசக் கணக்கும் சி:ஜியோவும் போதும். பிடித்துப்போய், மாதம் ஒருமுறையாவது நகரத்தைவிட்டுப் போவோம் என்ற நிலை வந்தால் கட்டுங்கள். ஐபோன்காரர்கள் சிக்னல் இல்லாத பக்கம் போவதாக இருந்தால் முதலிலேயே கட்டிவிடுவது நல்லது. ஜூலு பேசத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வசதி எந்தச் சந்தாவிலும் கிடையாது.

ஞாயிறு காலை பூசை நேரத்தில் போனால் சாவிப் பிரச்சினையே வராது, ஆனால் அந்த நேரத்தில் புதருக்குள் குனிந்து டப்பா தேடினால் நன்றாக இருக்காது. பூசை கண்டுவிட்டு, எல்லாரும் கலைந்ததும் தேடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம்: மழை இல்லை, புல் காய்ந்து படுத்திருக்கும், கல் இடுக்கு தெளிவாகத் தெரியும். கோடையில் புல் இடுப்புவரை வளர்ந்துவிடும், பஃப் ஆடர் என்ற விஷப் பாம்பும் அதற்குள்தான் படுத்திருக்கும். கையை விடுவதற்கு முன் ஒரு குச்சியை விடுங்கள். பேனாவும் கொண்டுபோங்கள். டப்பாவுக்குள் பென்சில் இருக்காது, இருந்தாலும் முனை இருக்காது.